முப்பத்தொரு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாய்

17 ஜூன் 2019, திங்கள்

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பி.எஃப். நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். பாடி மேம்பாலம் இறங்குவதற்குள் மெசேஜ் வந்துவிட்டது. 5,87,214. பேங்க் டெபாசிட் 1,60,000. இருபத்தொன்பது வருஷம் கம்பெனி ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்ததற்கு மிச்சம் இவ்வளவுதான்.

இவ்வளவுதானா இருந்திருக்கும்? 2012-ல் அண்ணன் தேவராஜ் முகப்பேரில் வீடு கட்டும்போது பி.எஃப். ஃபாரத்தை அவனே நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தான். காரணம் என்ற இடத்தில் 'வீடு கட்ட' என்று எழுதியிருந்தது. பொய் இல்லையே, வீடுதானே கட்டுகிறோம் என்று சிரித்தான். மாடியில் ஒரு ரூம் உனக்கு என்றான். 4,80,000 எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டுப் பேப்பரில்கூட எதுவும் எழுதி வாங்கவில்லை. கூடப் பிறந்தவனிடம் போய்ப் பத்திரம் கேட்பதா என்று வெட்கப்பட்டேன். அம்மாவும் கேட்காதே என்றாள்.

மாடி முடிந்தது. டைல்ஸ் போட்டார்கள். ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு ஜோடிக்கு வாடகைக்கு விட்டார்கள். நான் அம்பத்தூரில் அதே ஒண்டுக்குடித்தனத்தில்தான் இருக்கிறேன்.

இதையெல்லாம் இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று. அம்மாவின் இரண்டாம் வருஷ நினைவுத் திருப்பலி முடிந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு. நான் எப்போது ரிட்டயர் ஆகிறேன், அப்புறம் என்ன செய்வேன் என்று ஒரு சித்தி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தேவராஜ் சொன்னான். "இவளுக்கு இன்னா கீது? கடைசில நம்ம ஊட்டு ஸ்டோர் ரூம்ல ஒரு கட்டில் போட்டா போச்சு." இலையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, நானும் சிரித்ததை.

18 ஜூன் 2019

அந்த வீட்டுக்கு ஆன செலவு முப்பத்தொரு லட்சம். எத்தனை தரம் சொல்லியிருப்பான் அந்தக் கணக்கை. ஐம்பத்தெட்டு வயதில், 2025 மே முப்பத்தொன்றாம் தேதி நான் கம்பெனியை விட்டு வெளியே வரும்போது என் கையில் முப்பத்தொரு லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயாவது இருக்க வேண்டும். அதைக் காட்டும் பேப்பரைக் கொண்டுபோய் அவன் சாப்பாட்டு மேஜையில் வைக்க வேண்டும்.

அவ்வளவுதான். வேறு ஆசை இல்லை.

6 ஆகஸ்ட் 2019

அக்கவுண்ட்ஸில் இருக்கும் நாகவல்லியிடம் கேட்டேன். பி.எஃப்.பில் சம்பளத்திலிருந்து நாமாகவே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாமாம். ஐயாயிரம் எழுதிக் கொடுத்தேன். அது போக மாதம் ஆறாயிரம் மியூச்சுவல் ஃபண்டில். மேலே போகும் கீழே போகும், பயந்து எடுக்கக் கூடாது என்று நாகவல்லி பத்துத் தரம் சொன்னாள். எடுக்க மாட்டேன் என்றேன். வீம்புக்காகச் சேர்ப்பவளுக்குப் பயம் எங்கே வரும்?

கேபிள் கட். ஷேர் ஆட்டோ கட். சாயங்கால டீ கட்.

மொத்தம்: 7,62,000.

23 மார்ச் 2020

ஃபண்டில் போட்டது 48,000. காட்டுவது 35,200.

நாகவல்லியே பயந்துவிட்டாள், கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிறீர்களா அக்கா என்று போன் பண்ணினாள். நிறுத்தினால் தேவராஜ் ஜெயித்த மாதிரி. அவனுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது என்பது வேறு விஷயம். நிறுத்தவில்லை.

ஜூலை 2020

கொரோனா. பாதிச் சம்பளம். ரசம், அப்பளம். பிடித்தம் மட்டும் முழுசாகப் போனது.

31 டிசம்பர் 2021

மொத்தம்: 14,52,000. கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆகிவிட்டது. கிறிஸ்மஸுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது தேவராஜ் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, புடவை எடுத்துக்கோ என்றான். வாங்கிக்கொண்டேன். மறுநாளே ஃபண்டில் போட்டேன். அவன் பணம் அவனுக்கு எதிராக வளரட்டும்.

10 ஜனவரி 2022, திங்கள்

கம்பெனியில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். எல்லாரும் பி.எஃப். நாமினியை ஆன்லைனில் புதுசாகப் பதிய வேண்டும். நாகவல்லி என் பழைய ஃபாரத்தைத் தேடி எடுத்தாள். 1990-ல் நான் சேர்ந்தபோது எழுதியது. என் கையெழுத்துத்தான், வட்டவட்டமாக.

நாமினி: அம்மா, தேவராஜ்.

அம்மா போய்விட்டாள். அப்படியென்றால் நாளைக்கே நான் லாரியில் அடிபட்டால் மொத்தமும் தேவராஜுக்கு. ரெண்டரை வருஷமா டீ குடிக்காம சேத்தேனே, ரசத்த ஊத்தி ஊத்தித் தின்னேனே, யாருக்கு? அவனுக்கா? ஃபண்டுலயும் பேங்க்குலயும்கூட அவன் பேரைத்தான் எழுதியிருக்கேன், யோசிக்காம, பழக்கத்துல. எவ்ளோ பெரிய முட்டாள் நான்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

13 ஜனவரி 2022

அவன் பெயரை அடிப்பது சுலபம். அந்த இடத்தில் யாரை எழுதுவது? காலியாக விட முடியாது. நாமினியின் ஆதார் வேண்டும், போட்டோ வேண்டும். அதாவது ஒருவரிடம் நேரில் போய், நான் செத்தால் என் பணம் உனக்கு, ஆதாரைக் கொடு என்று கேட்க வேண்டும். ஐம்பத்து நாலு வயதில் அப்படிக் கேட்க எனக்கு யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்க நேரமே ஆகவில்லை.

நாகவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள், உங்கள் குடும்பத்துக்குள் என்னை இழுக்காதீர்கள் என்று. அண்ணன் மகன் ஜெர்வின் துபாயில் இருக்கிறான். அப்பனை அப்படியே உரித்து வைத்தவன்.

16 ஜனவரி 2022

திருப்பலி நடுவில் தோன்றியது. சாமி என்னை மன்னிக்கட்டும், பிரசங்கம் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

அண்ணி. ஜெயசீலி அண்ணி. கல்யாணமாகி முப்பது வருஷமாக அவன் கையை எதிர்பார்த்து நிற்பவள். காய்கறிக்குக்கூடக் கணக்குக் கேட்பான். நான் செத்த பிறகு பணம் அவள் கையில் போகட்டும். தேவராஜ் தன் பெண்டாட்டியிடம் போய்க் கை நீட்டட்டும். இதைவிட நல்ல தண்டனை எனக்குத் தோன்றவில்லை.

20 ஜனவரி 2022, வியாழன்

பர்மிஷன் போட்டுவிட்டு முகப்பேர் போனேன். அண்ணன் பாடியில் அவன் லேத் பட்டறையில் இருக்கும் நேரம். அண்ணி யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தைப்பது அக்கம்பக்கத்துக்கு மட்டும். அதில் வருவதை அரிசி டப்பாவில் போட்டு வைக்கிறாள், அண்ணனுக்குத் தெரியாது.

சொன்னேன். எதற்கு நான் என்று அவள் கேட்கவில்லை. ஆதார் ஜெராக்ஸ் எடுத்து வந்தாள். தனியாக எடுத்த போட்டோ ஒன்றுகூட அவளிடம் இல்லை, எல்லாவற்றிலும் பக்கத்தில் அவன் நிற்கிறான். தலையை வாரி, வேறு புடவை கட்டிக்கொண்டு வந்து வெள்ளைச் சுவர் பக்கமாக நின்றாள். என் போனில் எடுத்தேன்.

கிளம்பும்போது சொன்னாள். "நீ செத்தா வர்றது இருக்கட்டும். அதுக்கு முன்னாடி எனக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுக் குடேன்."

14 மார்ச் 2022

அண்ணி கணக்கு ஆரம்பித்தாயிற்று. மாதம் நாலாயிரம். புது பேங்க் கணக்கு, ஃபண்டு இரண்டிலும் என் போன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறோம். அண்ணியின் போனை தேவராஜ் தினமும் எடுத்துப் பார்க்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துப் பணத்தைக் கொடுப்பாள், நான் பேங்கில் கட்டிவிடுவேன். ஃபண்டு ஆபீஸில் இருந்த பெண் இது யார் நம்பர் என்றாள். சொந்தம் என்றேன்.

பி.எஃப். வட்டி 8.1 ஆகக் குறைத்துவிட்டார்கள். கடங்காரனுங்க.

30 ஏப்ரல் 2023

மொத்தம்: 18,70,000.
அண்ணி: 58,900.

அண்ணியின் கணக்கைச் சிவப்பு மையில் எழுதுகிறேன். எனக்கு மெசேஜ் வரும்போதெல்லாம் ஒரு சந்தோஷம். அவன் வீட்டுக்குள்ளேயே, அவன் மூக்குக்குக் கீழே, அவன் தொட முடியாத பணம். அண்ணி இதை என்றாவது அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். எப்போது சொல்ல வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

22 செப்டம்பர் 2024

மொத்தம்: 25,61,000.
அண்ணி: 1,63,000.

கிராஜுவிட்டி நாலரை லட்சம் வரும் என்கிறாள் நாகவல்லி. தாண்டிவிடுவேன்.

17 நவம்பர் 2024

தேவராஜ் பட்டறையை மூடிவிட்டான். ஆர்டர் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. கோயில் வாசலில் அண்ணி சொன்னாள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அரைக் கிலோ பிரியாணி வாங்கினேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை.

2 மார்ச் 2025, ஞாயிறு

திருப்பலி முடிந்ததும் அண்ணி என்னை ஓரமாக இழுத்து, பணம் மொத்தத்தையும் எடுக்க வேண்டும் என்றாள். எதற்கு என்றேன். அதற்குள் தேவராஜ் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான். அப்புறம் சொல்றேன் என்று ஏறிப் போய்விட்டாள்.

எதற்கு என்று எனக்குத் தெரியாதா? மாடியில் இருக்கும் கிரண் காலி பண்ணுகிறான், அட்வான்ஸ் ஒன்றரை லட்சத்தைத் திருப்பிக் கேட்கிறான். தேவராஜ் அதை எப்போதோ தின்று தீர்த்துவிட்டான். அழுது புலம்பியிருப்பான், இவள் இளகியிருப்பாள். மூன்று வருஷம் ஜாக்கெட் தைத்த பணம் நேரே அவன் ஓட்டையை அடைக்கப் போகிறது. விட மாட்டேன்.

5 மார்ச் 2025, திருநீற்றுப் புதன்

அண்ணி முகப்பேரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பணம் எடுக்கப் பதிந்திருக்கிறாள். ஓ.டி.பி. எனக்குத்தான் வந்தது. அந்தக் கடைக்காரர் போனிலிருந்து கூப்பிட்டாள். ஆறு நம்பரும் என் கண் முன்னால் இருந்தது. வரலையே அண்ணி, சிக்னல் சரியில்லை போல என்றேன்.

நெற்றியில் சாம்பல் இன்னும் அழியவில்லை.

அவளுடைய நல்லதுக்குத்தான் செய்கிறேன்.

7 மார்ச் 2025

இன்றைக்கும் வந்தது. இன்றைக்கும் வரவில்லை என்றேன். அண்ணி சரி ஹெலினா என்று வைத்துவிட்டாள்.

8 மார்ச் 2025, சனி

காலையில் அண்ணி இங்கே வந்தாள். இரண்டு பஸ் மாறி, முதல் முறையாகத் தனியாக. வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள். உன் போனைக் குடு என்றாள். கொடுத்தேன். மெசேஜைத் தேடிப் பிடித்து இரண்டு ஓ.டி.பி.யையும் பார்த்தாள். எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவனுக்குத் தூக்கிக் கொடுக்கத்தானே கேட்கிறாய் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள். கிரணுக்கு ஒன்றரை லட்சத்தை அவளே கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பப் போகிறாள். அடுத்து வருபவர்களோடு அக்ரிமெண்ட் அவள் பெயரில். அட்வான்ஸும் வாடகையும் அவள் பேங்க் கணக்கில். வீடு அவள் பெயரில்தான் இருக்கிறது. பட்டறைக் கடன்காரர்கள் கை வைக்கக் கூடாது என்று 2012-ல் தேவராஜேதான் அப்படிப் பதிந்தான், பதிந்துவிட்டு மறந்தும் போனான். இப்போது அது நினைவுக்கு வந்து, அதே வீட்டை அடமானம் வைக்க அவளைக் கையெழுத்துக் கேட்கிறான். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். கிரண் பொண்டாட்டி கைக்குழந்தையோடு தினமும் கீழே இறங்கி வந்து நிற்கிறாளாம், தேவராஜ் பாத்ரூமில் போய் ஒளிந்துகொள்கிறானாம். அந்த வெட்கக்கேட்டை முதலில் தீர்த்துவிட்டு மற்றதைப் பேசப் போகிறாள்.

இதை என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லணும்னு நெனச்சேன். எம் பணத்த எடுக்க உன்கிட்ட காரணம் சொல்லணுமான்னும் நெனச்சேன்." இன்னொன்றும் சொன்னாள். "உன் கோபம் உன்னோடது, ஹெலினா. அதுல எம் பணத்த சேத்துக் கட்டாத."

என் போனிலேயே, என் வாசலிலேயே நின்று மறுபடி பதிந்தாள். ஓ.டி.பி. வந்தது. நான் படித்துச் சொன்னேன். தண்ணீர் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.

9 மார்ச் 2025

கோயிலுக்குப் போகவில்லை.

வீடு கட்டத்தானே என்று அவன் என் பணத்தைத் தூக்கினான். நல்லதுக்குத்தானே என்று நான் அவள் பணத்தைப் பிடித்து வைத்தேன். வேற இன்னா வித்தியாசம்? அவன் நாலு லட்சத்து எண்பதாயிரம், நான் மூணு நாள். அவன் சிரிச்சுக்கினே பண்ணான், நான் சாம்பலோட பண்ணேன்.

15 மார்ச் 2025

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியாருக்கு ஓ.டி.பி. என்றால் என்ன என்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

12 ஏப்ரல் 2025

அண்ணி சின்னதாக ஒரு போன் வாங்கியிருக்கிறாள், பூட்டு நம்பர் போட்டு. இருவரும் ஃபண்டு ஆபீஸுக்கும் பேங்குக்கும் போய் என் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரைப் பதிந்தோம். நான்தான் கூப்பிட்டேன். பஸ்ஸில், நாமினியாக அவளையே வைத்திருக்கிறேன் என்றேன், உன் இஷ்டம் என்றாள்.

மாடிக்கு வேப்பம்பட்டிலிருந்து ஒரு நர்ஸ் குடும்பம் வந்தாயிற்று. வாடகை பதினாறாயிரம். அண்ணி கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்டை எனக்குக் காட்டினாள். ஜெ. ஜெயசீலி, வீட்டு உரிமையாளர்.

31 மே 2025, சனி

கடைசி நாள். மாலை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். நாகவல்லி அழுதாள்.

மொத்தம், கிராஜுவிட்டியோடு: 32,18,440.

தாண்டிவிட்டேன். நாகவல்லியிடம் சொல்லி ஒரே தாளில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

1 ஜூன் 2025, ஞாயிறு

திருப்பலி முடிந்து பேப்பரைப் பையில் வைத்துக்கொண்டு முகப்பேர் போனேன். தேவராஜ் சாப்பாட்டு மேஜையில்தான் உட்கார்ந்திருந்தான். அண்ணி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் வண்டிக்குப் பெட்ரோல் போடக் காசு கேட்டான். அண்ணி கையைத் துடைத்துவிட்டு, பர்ஸிலிருந்து இருநூறு எடுத்து மேஜையில் வைத்து, பில் வாங்கிட்டு வாங்க என்றாள். அவன் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். என் பக்கம் திரும்பவே இல்லை.

மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது. ஆறு வருஷம் நான் ஆசைப்பட்டதைவிடக் கூடுதலாகவே நடந்துவிட்டது. ஆனால் நடத்தியவள் நான் இல்லை. அவளும் இதைப் பழி என்று நினைத்துச் செய்யவில்லை, பெட்ரோலுக்கு பில் கேட்டாள், அவ்வளவுதான். அதுதான் எனக்கு எரிகிறது.

பேப்பரை வெளியே எடுக்கவில்லை. இருநூறு ரூபாயைச் சட்டைப் பையில் வைப்பவனிடம் முப்பத்திரண்டு லட்சத்தைக் காட்டி என்ன ஆகப் போகிறது? மீன் குழம்பு நன்றாக இருந்தது. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

20 ஜூலை 2025, ஞாயிறு

மத்தியானம் தேவராஜ் இங்கே வந்தான். இந்த வீட்டுக்கு அவன் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைவில்லை. இளைத்திருக்கிறான். பாடியில் ஒருவரோடு சேர்ந்து பழைய லேத் ஒன்றை எடுக்கப் போகிறானாம், இரண்டு லட்சம் வேண்டுமாம். என்னிடம் கேட்கவில்லை. என்னிடம் இருக்கும் என்று அவனுக்கு இன்னும் தோன்றவே இல்லை. அண்ணியிடம் சொல்லச் சொன்னான்.

"நீ சொன்னா அவ கேப்பா. நீதான இதெல்லாம் அவளுக்குக் கத்துக் குடுத்த."

சொல்லலாம். கொடுக்காதே என்று சொல்லலாம், நாலு மாதத்துக்கு முன்னால் இருந்த ஹெலினா அதைத்தான் சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டு பிரியாணியும் வாங்கியிருப்பாள். இல்லை, இவன் நிலைமையைப் பார்த்துக் கொடு என்றும் சொல்லலாம். இரண்டுமே என் வேலை இல்லை.

"அது அண்ணி பணம். நீயே கேளு" என்றேன்.

அவகிட்ட எவ்ளோ கீது என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் நம்பவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போய்விட்டான். என் பணத்தைப் பற்றி, 2012-ஐப் பற்றி, ஒரு வார்த்தை இல்லை. இனிமேலும் இருக்காது. அது போகட்டும் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. போகவில்லை, இருக்கிறது.

மொத்தம்: 32,41,000.
அண்ணி: தெரியாது.